முந்திரியளவு பிழை

எங்கள் ஊரின் எல்லையை அடையாளம் காட்ட வரவேற்பு வளைவு தேவையில்லை. பெட்ரோல் பங்குகளின் வரிசையே போதும். கடலூரிலிருந்து வருவோருக்குக் கன்னியக்கோயில், விழுப்புரத்திலிருந்து வருவோருக்கு மதகடிப்பட்டு, திண்டிவனத்திலிருந்து வருவோருக்குக் கோரிமேடு. அவற்றையொட்டி நிற்கும் இன்னொரு வகைக் கடைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வரி வேறுபாட்டால் தமிழ்நாட்டைவிடப் புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எல்லைப் பங்குகளில் அயலூர்க் கார்கள் காத்துக் கிடக்கின்றன.

லிட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது லிட்டருக்கு 150 ரூபாய். இதற்காகவே போக வர இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்தவரின் கார் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடுமானால், வந்துபோன செலவே ஒன்றேகால் லிட்டருக்கு மேல், ஏறக்குறைய 130 ரூபாய். மிஞ்சுவது ஒரு தேநீர்க் காசு. இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஆனால் அதே மனிதரிடம் "வண்டி எவ்ளோ குடுக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். "பதினெட்டு" என்று இமைப்பொழுதில் விடை வரும்.

"கொடுக்கிறது" என்ற வினையைக் கவனியுங்கள். கறவை மாட்டைப் பற்றியும் நாம் இதே சொல்லால்தான் கேட்கிறோம். மைல் என்ற அளவு வழக்கொழிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மைலேஜ் என்ற சொல் ஒழியவில்லை. அது வாகனத்தின் குணமாகவும் உரிமையாளரின் பெருமையாகவும் ஆகிவிட்டது. குணத்துக்கும் பெருமைக்கும் ஐயத்துக்கிடமில்லாத ஓர் எண் வேண்டியிருக்கிறது. "பதினைந்துக்கும் பதினேழுக்கும் இடையில் இருக்கலாம்" என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. நானும் அப்படிச் சொன்னவன் இல்லை. அதற்கு நான் கொடுத்த விலையைப் பற்றியதே இக்கட்டுரை. கவிதையும் நாவலும் பேசும் இடத்தில் பெட்ரோல் கணக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2022ஆம் ஆண்டு ஆடி மாதம். என்னிடம் இருப்பது 2012இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். பத்தாண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டவர் முத்தியால்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய மகன் என் வகுப்பில் இளங்கலைத் தமிழ் படித்தான். விடுமுறை நாட்களில் பட்டறையில் தந்தைக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். அவ்வாண்டு சர்வீஸ் முடித்து வண்டியை எடுத்த மறுவாரம் நான் ஒரு கணக்குப் போட்டேன். முந்தைய மாதம் சென்னை சென்று திரும்பியபோது 300 கிலோமீட்டருக்கு 17.6 லிட்டர் பிடித்திருந்தது. அதாவது லிட்டருக்குப் பதினேழு. இப்போது ஊருக்குள்ளும் கல்லூரிக்கும் ஓடிய 145 கிலோமீட்டருக்கு 10.2 லிட்டர், அதாவது பதினான்கே சொச்சம். ஒரே மாதத்தில் மூன்று கிலோமீட்டர் காணாமல் போயிருந்தது. சர்வீஸில் ஏதோ கெடுத்திருக்க வேண்டும், அல்லது டேங்கிலிருந்து பெட்ரோலை இறக்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பட்டறைக்குப் போய், வேலையாட்கள் முன்பும் அவர் மகன் முன்பும், அதைச் சொல்லவும் செய்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "இன்னும் நாலஞ்சு டேங்க் ஃபுல் பண்ணிப் பாருங்க சார். அப்புறம் வந்து பேசுங்க" என்றார். அதை மழுப்பல் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவ்விடத்தில் சொல்லப்பட்ட ஒரே அறிவியல் வாக்கியம் அதுதான் என்பது எனக்குப் புரிய ஓராண்டு பிடித்தது.

அவர் குற்றத்தை மெய்ப்பிக்கவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, தேதி, ஓடோமீட்டர் எண், லிட்டர் ஆகிய மூன்றையும் எழுதினேன். எழுத எழுத அளவையைப் பற்றிச் சில உண்மைகள் தாமே வெளிப்பட்டன.

முதலாவது, நிரம்பிய டேங்க் என்று ஒன்று இல்லை. பங்கில் குழாய் 'டக்' என்று தானே நின்றதும் நாம் நிறைந்துவிட்டது என்கிறோம். அது நிற்கும் இடம் குழாயைச் சொருகிய கோணத்தையும், பெட்ரோல் பாயும் வேகத்தையும், எழும் நுரையையும், தரையின் சரிவையும் பொறுத்து மாறும். நிறுத்தியபின் பங்குப் பையன் "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று இரண்டு முறை அழுத்தினால் இன்னும் சிறிது இறங்கும். என் வண்டியில் இந்த வேறுபாடு ஒரு லிட்டர் வரை வந்தது. பத்து லிட்டர் போட்டுக் கணக்குப் பார்ப்பவனுக்கு ஒரு லிட்டர் என்பது பத்து விழுக்காடு. பதினாறு கொடுக்கும் வண்டி அன்றைக்குப் பதினான்கரை என்றும் காட்டும், பதினேழரை என்றும் காட்டும். பட்டறைக்கு நான் எடுத்துச் சென்ற சாட்சியத்தின் தரம் இவ்வளவே.

இப்பிழைக்கு ஒரு நற்குணமும் உண்டு. அது கூடிக்கொண்டே போவதில்லை. இன்று ஒரு லிட்டர் குறைவாக நிரம்பியிருந்தால் அடுத்த முறை அந்த ஒரு லிட்டர் கூடுதலாக இறங்கிக் கணக்கைச் சரிசெய்துவிடும். ஓராண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் நடுவிலுள்ள பிழைகள் ஒன்றையொன்று தின்று தீர்க்கின்றன. முதல் நிரப்பலும் கடைசி நிரப்பலும் மட்டுமே எஞ்சுகின்றன. என் நோட்டில் ஓராண்டுக்கு 320 லிட்டர். அதில் ஒரு லிட்டர் ஐயம் என்றால் 320இல் ஒரு பங்கு. தமிழ்க் கணக்கில் இதற்குப் பெயரே உண்டு: முந்திரி. காரிநாயனாரின் கணக்கதிகாரம் படித்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. கால், அரைக்கால், மா, காணி என்று இறங்கி 320இல் ஒன்றான முந்திரி வரை வந்து, அதற்குக் கீழும் இறங்கிப் போன மொழி நம்முடையது. பத்து விழுக்காட்டுப் பிழை முந்திரியளவாகச் சுருங்க வேண்டியதெல்லாம் பொறுமைதான்.

இரண்டாவது பிழை அப்படிப்பட்டதன்று. சர்வீஸ் முடிந்த அதே வாரத்தில் நான் வேறொரு கடையில் நான்கு டயர்களையும் மாற்றியிருந்தேன். "இது கொஞ்சம் அகலம் சார், ரோட்டை நல்லாப் பிடிக்கும்" என்று கடைக்காரர் 145/80 ஆர்13 அளவுக்குப் பதிலாக 155/80 ஆர்13 போட்டுக் கொடுத்தார். பலரும் செய்வதுதான். எண்களைப் பிரித்துப் பார்த்தால், பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 562 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் 578. சக்கரம் பெரிதாகும்போது ஒரு சுற்றில் வண்டி கூடுதலாக நகர்கிறது. ஓடோமீட்டரோ பழைய சுற்றைத்தான் எண்ணுகிறது. கைப்பேசியின் செயற்கைக்கோள் கணக்கில் 100 கிலோமீட்டர் ஓடியபோது என் ஓடோமீட்டர் 97 சொச்சம்தான் காட்டியது. இந்தப் பிழையை எத்தனை முறை அளந்தாலும் எத்தனை ஆண்டுகள் கூட்டினாலும் அது கரையாது. எப்போதும் ஒரே பக்கம் சாயும். வெளியிலிருந்து வேறோர் அளவுகோலைக் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் அது இருப்பதே தெரியும்.

மூன்றாவது பிழை சராசரியில் ஒளிந்திருந்தது. இதை எனக்குக் காட்டியவர் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அவரிடம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால் ஏறாது. "நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்குது, அதைச் சொல்லு தம்பி" என்பார். நாம் கொடுக்கிறது என்பதை அவர்கள் குடிக்கிறது என்கிறார்கள். நெடுஞ்சாலையில் 150 கிலோமீட்டர் லிட்டருக்கு இருபது வீதமும், ஊருக்குள் 150 கிலோமீட்டர் பன்னிரண்டு வீதமும் ஓடினால் சராசரி என்ன என்று அவரிடம் கேட்டேன். நான் மனத்தில் பதினாறு என்று வைத்திருந்தேன். அவர் விரல்விட்டு எண்ணினார்: அங்கே ஏழரை லிட்டர், இங்கே பன்னிரண்டரை, ஆக மொத்தம் 300 கிலோமீட்டருக்கு இருபது லிட்டர். சராசரி பதினைந்து. நம்முடைய முறையில் எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் விடை எப்போதும் சற்றே நமக்கு இனிப்பாக வரும். குடித்ததை எண்ணுபவரிடம் அந்த ஏமாற்று நடக்காது. நானோ சராசரிகூட எடுக்கவில்லை. சென்னைச் சாலையின் பதினேழை என் வண்டியின் பிறவிக்குணமாகக் கொண்டு, ஊருக்குள் நின்று நின்று ஓடிய வாரத்தை அதனோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

ஓராண்டின் முடிவு இது: ஓடோமீட்டர் கணக்கில் 4,900 கிலோமீட்டர், சக்கரத்தைத் திருத்தினால் 5,037. பெட்ரோல் 320 லிட்டர். பங்குக் கருவிக்குச் சட்டம் அனுமதிக்கும் வழு ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர், அதாவது அரை விழுக்காடு. அதையும் முந்திரியையும் சேர்த்தால் விடை: லிட்டருக்குப் பதினைந்தே முக்கால் கிலோமீட்டர், அரைக்கால் கூடக் குறைய. நான் தொலைந்ததாகக் குற்றம் சாட்டிய மூன்று கிலோமீட்டர் எங்கும் போயிருக்கவில்லை. கொஞ்சம் டயரிலும், கொஞ்சம் குழாய் நின்ற இடத்திலும், மிச்சம் நேரு வீதியின் நெரிசலிலும் இருந்தது.

இவ்விடத்தில் எங்கள் ஊர் வரலாற்றில் ஒரு பக்கம் நினைவுக்கு வருகிறது. சூரியனின் முகத்தைக் கடக்கும் வெள்ளிக் கோளை அளக்கப் பிரான்சிலிருந்து புறப்பட்டவர் கியோம் லெ ஜாந்தி என்ற வானியலாளர். 1761இல் அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலில் நின்றபடி அவர் அந்நிகழ்வைக் கண்டார். பயன்படும்படி அளக்க இயலவில்லை. எட்டாண்டு காத்திருந்து 1769இல் புதுச்சேரியிலேயே கருவிகளை நிறுத்தினார். வேண்டிய அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. இந்தத் துயரக் கதையைப் பலரும் அறிவர். அவர் இங்கிருந்தபோது, சோழிகளை வைத்தும் மனப்பாட வாக்கியங்களைக் கொண்டும் கிரகணம் கணிக்கும் தமிழரிடம் அம்முறையைக் கற்றார் என்பதைக் குறைவானவர்களே அறிவர். 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணிப்பு 41 விநாடி குறைந்தது; ஐரோப்பாவில் போற்றப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைக் கணிப்பு 68 விநாடி கூடியது. நம்மவர் வென்றார் என்று மார்தட்ட இதை மேற்கோள் காட்டுவது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரண்டு கணிப்புமே பிழைதான். எந்தப் பக்கம், எவ்வளவு என்று பிழையை அவர் எழுதி வைத்தார். அதனால்தான் இரண்டையும் இன்றும் நம்மால் மதிக்க முடிகிறது.

இதை வைத்துக்கொண்டு 2025இல் நாடெங்கும் எழுந்த இ20 பெட்ரோல் சர்ச்சைக்கு வருகிறேன். பெட்ரோலில் பத்து விழுக்காடு எத்தனால் என்ற இலக்கு 2022 ஜூனில் எட்டப்பட்டது. அது இருபது விழுக்காடாக உயர்ந்து 2025இல் நாடு முழுதும் பரவியது. எத்தனாலில் ஒரு லிட்டருக்குள்ள வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது விழுக்காடு கலந்தால் ஆற்றல் ஆறு, ஏழு விழுக்காடு குறையும். பத்திலிருந்து இருபதுக்குப் போவதால் மட்டும் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, கலப்பற்ற பெட்ரோலுக்கு வடிவமைத்துப் பத்து விழுக்காட்டுக்குத் தகவமைத்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், பத்துக்கு வடிவமைத்து இருபதுக்குத் தகவமைத்தவற்றில் 1 முதல் 2 விழுக்காடும் குறையும் என்று மதிப்பிட்டது. 2025 ஆகஸ்டில் அமைச்சகம் பின்னைய வகைக்கு அதே 1 முதல் 2 என்றும், மற்றவற்றுக்கு 3 முதல் 6 என்றும் கூறியது. இதை எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ஆம் நாள் தள்ளுபடி செய்தது.

மறுபக்கம், "ஒரே டேங்க்கில் இருபது விழுக்காடு போச்சு" என்று கொதிக்கும் உரிமையாளர்கள். எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலேயே நால்வர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் என்னையே காண்கிறேன். ஒரு டேங்க்கின் பிழையே பத்து விழுக்காடு என்னும்போது, மூன்று விழுக்காட்டு மாற்றத்தை அதனால் மெய்ப்பிக்கவும் இயலாது, பொய்ப்பிக்கவும் இயலாது. டயர் மாற்றினால்கூட ஏறத்தாழ அதே அளவு வேறுபாடு வந்துவிடுகிறது. ஆனால் இதைக் காட்டி, "உங்கள் அளவை சரியில்லை, ஆகவே உங்கள் குறை பொய்" என்று வாயடைப்பவர்களும் அதே தவற்றைத்தான் செய்கிறார்கள். அளக்க முடியாத இழப்பு வேறு. இல்லாத இழப்பு வேறு. விளம்பரங்களில் வரும் மைலேஜ் எண்ணும் சாலையில் பிறந்ததன்று. புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஆய்வுக்கூடங்களில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டுகிறார்கள். ஏ.சி. நிறுத்தப்பட்டிருக்கும்; வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. புகையிலுள்ள கரியமில வாயு முதலியவற்றை அளந்து, அதிலிருந்து எரிந்த பெட்ரோலைக் கணிக்கிறார்கள். வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது நல்ல முறை. என் வீட்டிலிருந்து என் கல்லூரிக்கு எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு அது விடையன்று.

என் நோட்டு என்ன சொல்கிறது? கடந்த ஓராண்டில் 300 லிட்டர், 4,410 கிலோமீட்டர். டயர் தேய்ந்துவிட்டதால் மறுபடி சோதித்தேன். இப்போது நூறுக்கு 98 காட்டுகிறது. திருத்தினால் லிட்டருக்குப் பதினைந்து. பதினைந்தே முக்காலிலிருந்து பதினைந்து, அதாவது ஐந்து விழுக்காட்டை நெருங்கும் வீழ்ச்சி. இது எத்தனாலால் மட்டுமா? வண்டிக்கு மூன்று வயது கூடியிருக்கிறது. கோடை ஏ.சி. கூடியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கலவை எந்த நாளில் மாறியது என்பது என் நோட்டில் இல்லை. நான் வழக்கமாகப் போடும் பங்கின் ரசீதில் விலை இருந்தது, லிட்டர் இருந்தது, நேரம் விநாடி வரை இருந்தது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது மட்டும் இல்லை. என் கருத்து இதுதான்: குடிமகனை நோக்கி "ஆதாரம் எங்கே" என்று கேட்கும் உரிமை, அவன் அளப்பதற்கு வேண்டிய எண்ணை அவனிடம் தருபவருக்கே உண்டு. ரசீதில் கலவை விகிதத்தை அச்சிடுங்கள். பழைய வண்டிகளுக்கு எவ்வளவு குறையும் என்பதை மாதிரிவாரியாக, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று, வெளியிடுங்கள். நாங்கள் ஆளுக்கொரு நோட்டு வாங்கி ஓராண்டு பொறுத்துப் பேசுகிறோம்.

2023 ஆடியில், முதலாண்டுக் கணக்கு முடிந்த மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மகன் அங்கில்லை. இறுதியாண்டுத் தேர்வு எழுதிவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த ஓராண்டும் அவன் என் வகுப்பில்தான் இருந்தான். கேட்ட கேள்விக்குத் தலைகுனிந்தபடியே விடை சொன்னான். காரணம் தெரிந்தும் நான் தெரியாதவன்போல் நடந்துகொண்டேன்.

"அண்ணே, நான் சொன்னது தப்பு" என்றேன். எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டார். பதினைந்தே முக்கால், அரைக்கால் கூடக் குறைய என்றேன். "அந்த வண்டிக்கு அது போதும் சார்" என்றார். பிறகு நோட்டை வாங்கி, எண்ணெய் படாதபடி விரல் நுனியால் பக்கங்களைப் புரட்டினார். ஒரு வரியில் நிறுத்தினார். அது மார்கழி மாதத்து நிரப்பல். குழாய் சீக்கிரம் நின்றுவிட்ட நாள்போலும். அந்த வரிக்குக் கணக்குப் பார்த்தால் லிட்டருக்குப் பத்தொன்பது வந்தது.

"இங்க பத்தொம்பது குடுத்திருக்கே சார்," என்றார். "அன்னைக்கு வந்து ஒண்ணும் சொல்லலியே?"